ரெண்டும் இருக்கட்டுங்க

மருதாசலமும் பங்காருவும் கூட்டாகப் பம்ப் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒருவருக்கொருவர் 'ஆகாது' என்று சொன்னதில்லை. வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்றார் மருதாசலம் வீட்டு ஜோசியர். வடக்கே என்றார் பங்காரு வீட்டு ஜோசியர். இரண்டு கேட் வைத்தார்கள், இரண்டு வாட்ச்மேன் போட்டார்கள். ஒருத்தருக்குக் கார் வந்தால் அதே நிறத்தில் இன்னொன்று மற்றவருக்கும் வந்து நிற்கும். வெளியே இருப்பவர்கள் இதை ஒற்றுமை என்றார்கள். அது ஒற்றுமை இல்லை, பயம். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை 'ஆகாது' என்று சொல்லிவிட்டால் கூட்டு அதோடு முறிந்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கம்பெனி கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி இருந்தது. பின்னால் இரும்பு வார்க்கும் பவுண்டரி, முன்னால் ஆபீஸ். டிசைன் செக்ஷன் மருதாசலத்தின் பொறுப்பு. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் பங்காருவின் பொறுப்பு. தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி கழிந்ததும் இரண்டு செக்ஷனுக்கும் பொதுவாக ஒரு சர்வர் வாங்கினார்கள். அதுவரை டிராயிங்குகள் ஃபிளாப்பியில் நடந்து போய்க்கொண்டிருந்தன. இனி எல்லா டிராயிங்கும் ஒரே இடத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் அவரவர் மேஜையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தவன் ரூபன். ஆனைமலைக்காரன். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். விட்டபிறகு ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்டில் கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்தான். அங்கே பொழுது போகாமல் மேனுவல்களைப் படித்தான். அந்தப் படிப்புக்குத்தான் இந்த வேலை. கம்பெனியில் யாரும் அவனிடம் ஜாதி கேட்டதில்லை. ஊர் கேட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை.

சர்வர் வந்த அன்று முதலாளிகள் அறையில் கூடினார்கள். சர்வரைக் கொண்டுவந்த உமர் பாரூக்கும் இருந்தார். ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

"ஏனுங் ரூபன், சர்வரு வந்துருச்சு. அப்பறமென்ன, எல்லாத்துக்கும் வயர இழுத்துட வேண்டியதுதானுங்களே?" என்றார் மருதாசலம்.

"வயர் இழுத்தாச்சுங்க. எந்த முறையில பேசோணும்னு முடிவு பண்ணோணுங்க."

"யாரு பேசோணும்?"

"மிசினுகதானுங்க."

பங்காரு சிரித்தார். "நாம பேசறதே கம்மி. மிசினுக பேசட்டும், பேசட்டும்."

ரூபன் சொன்னான். டிசைன் செக்ஷனில் இருப்பவை யுனிக்ஸ் மிஷின்கள். சர்வரிலுள்ள ஃபைலைக் கேட்டு வாங்க அவற்றுக்கு என்.எஃப்.எஸ். என்று ஒரு முறை. பர்ச்சேஸில் இருப்பவை விண்டோஸ். அவற்றுக்கு எஸ்.எம்.பி. என்று வேறு முறை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவனைக் கேட்டால் என்.எஃப்.எஸ். போதும். பர்ச்சேஸ் மிஷின்களில் அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டால் அவையும் அதே முறையில் பேசும்.

"எங்க மிசினுகள்ல புதுசா ஏத்தோணுங்களா?" என்றார் பங்காரு. குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. "நம்ம ஆளுக இப்பத்தான் மவுசையே பயமில்லாமப் புடிக்கறாங்க."

மருதாசலம் அதைப் பார்த்துவிட்டார். "அப்ப உங்களுதே இருக்கட்டுங்க. எஸ்.எம்.பி.யே போட்டுருங்க ரூபன். டிசைன்காரங்க மாத்திக்குவாங்க."

"அய்யய்யோ, அதெப்புடிங்க? உங்க பசங்க செரமப்படறதுக்கா? ரூபன் சொல்றாப்புலயே போடட்டுங்க."

"பரவால்லீங்க."

"அதெப்புடிங்க பரவால்லாமப் போவும்?"

தட்டில் கடைசியாக மிஞ்சின மைசூர்பாகை ஒருத்தர் பக்கம் ஒருத்தர் தள்ளுவதுபோல இது கொஞ்ச நேரம் நடந்தது. யார் எடுத்தாலும் மற்றவர் அதை மனசுக்குள் வைத்துக்கொள்வார் என்று இருவருக்கும் தெரியும். ரூபன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உமர் பாரூக்குக்கு வேறு இரண்டு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. "எதுக்குங்க இவ்வளவு யோசன?" என்றார். "இந்த சர்வர் ரெண்டும் பேசும். டிசைன்காரங்க அந்த வழியா வரட்டும். பர்ச்சேஸ்காரங்களுக்கு சர்வர்லயே சாம்பான்னு ஒரு சாஃப்ட்வேரப் போட்டுட்டா இந்த வழியா வந்துருவாங்க. ஃபைல் ஒரே எடத்துலதான் இருக்கும். யாரு மிசினையும் யாரும் தொட வேண்டாம்."

இரண்டு முதலாளிகளின் முகமும் தெளிந்துவிட்டது.

"அப்புடி முடியுங்களா ரூபன்?" என்றார் மருதாசலம்.

"முடியுங்க. ஆனா..."

"முடியும்னு சொல்லிட்டாருங்க," என்றார் பங்காரு.

"ஆனா ஒரு சங்கடம் இருக்குதுங்க. ஒருத்தர் ஒரு ஃபைல எடுத்து வேல செய்யறப்ப இன்னொருத்தர் அதையே எடுக்கக் கூடாது. அதுக்கு ஒரு பூட்டு இருக்குதுங்க. ஒரே வழின்னா அந்தப் பூட்டு எல்லாத்துக்கும் பொது. ரெண்டு வழின்னா இந்த வழிக்காரர் போட்ட பூட்டு அந்த வழிக்காரருக்குத் தெரியாதுங்க. நம்ம ரெண்டு கேட்டு மாதிரிதானுங்க. கெழக்கு வாட்ச்மேன் யாரை உள்ள விட்டாருன்னு வடக்கு வாட்ச்மேனுக்குத் தெரியாது."

இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மருதாசலம் சத்தமாகச் சிரித்தார்.

"அதுல என்னுங்க கொற வந்துருச்சு? இருபது வருசமா நடக்குது. ஒரு நட்டு களவு போயிருக்குதா?"

"ரெண்டும் இருக்கட்டுங்க," என்றார் பங்காரு.

அந்த இடத்தில் 'ஆகாதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ரூபன் "செரிங்க" என்றான். அந்த அறையில் 'செரிங்க' என்பது தவிர வேறு வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவனும்தான்.

அன்றே இரண்டையும் போட்டான். நன்றாக ஓடியது. பர்ச்சேஸ்காரர்கள் தீபாவளிக்கு அவனுக்குத் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

டிசைன் செக்ஷனில் அன்புச்செல்வி என்று ஒருத்தி டிராயிங் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆனைமலைதான். ரூபன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஐ.டி.ஐ. முடித்தவள், கணபதியிலேயே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். டெம்பரவரி. தை பிறந்ததும் பர்மனென்ட் பண்ணுவதாக மருதாசலம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆனவர்களுக்குத்தான் ஈ.எஸ்.ஐ. கார்டு. அவளுடைய அம்மா மாரியாத்தாள் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறாள். களத்துத் தூசு நெஞ்சில் இறங்கி, ராத்திரி உட்கார்ந்துகொண்டேதான் தூங்க முடிகிறது. கார்டு கிடைத்தால் அம்மாவைக் களத்திலிருந்து நிறுத்தி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டுவதென்று அன்புச்செல்வி முடிவு செய்திருந்தாள். இதை அவள் யாரிடமும் உருக்கமாகச் சொன்னதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொல்வாள்.

ரூபன் அவளிடம் முன்னாலேயே சொல்லி வைத்தான். "அம்மணி, ஒரு டிராயிங்க எடுக்கறதுக்கு முன்னாடி பர்ச்சேஸ்ல யாராச்சும் தொறந்து வெச்சிருக்காங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கோ."

"ஏனுங்ணா, ஒவ்வொரு டிராயிங்குக்கும் நான் போயி பர்ச்சேஸ் வாசல்ல நிக்கோணுமா? சேதி தாக்கல் சொல்ற வேலைக்கு வந்தவன்னு நெனச்சுக்குவாங்க."

"போன்ல கேளு."

"என்ற மேசையில போன் இருக்குதா? டெம்பரவரிக்கு ஆரு போன் தர்றாங்க?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நீங்க கெட்டிக்காரர்ங்ணா," என்றாள் அவள். "பூட்டு போட வேண்டியது நீங்க. காவலுக்கு என்னையச் சொல்றீங்க."

கார்த்திகையில் அது நடந்தது.

ஆந்திராவுக்குப் போன பம்புகள் சில திரும்பி வந்திருந்தன. கேசிங் என்கிற வெளிக்கூட்டின் சுவர் மெல்லிசாக இருந்து கசிகிறது என்று புகார். சுவரின் கனத்தை ஏற்ற வேண்டும் என்று மருதாசலம் சொன்னார். டிராயிங்கைத் திருத்தும் வேலையை அன்புச்செல்வியிடம் கொடுத்தார்கள். அவள் காலையில் உட்கார்ந்து கனத்தை ஏற்றி, திருத்தம் 'பி' என்று மூலையில் போட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் சேவ் செய்துவிட்டு எழுந்தாள்.

பர்ச்சேஸில் அங்கப்பன் என்று ஒரு பெரியவர். டைப்ரைட்டர் காலத்து ஆள், நல்ல மனுஷன். டிராயிங்கின் மூலைக் கட்டத்தில் இரும்பின் ரகத்தையும் ஸ்டோர்ஸ் நம்பரையும் நிரப்புவது அவர் வேலை. அன்று அவள் வருவதற்கு முன்பே அவர் அந்த டிராயிங்கைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டு ஸ்டோர்ஸுக்குப் போனார், அங்கே லாரி வந்தது, லோடு இறக்கினார்கள், சாப்பிட்டார், வந்தார். அவர் திரையில் இருந்தது காலையில் இருந்த பழைய சுவர். நம்பரை நிரப்பி சாயங்காலம் சேவ் செய்தார். அவள் போட்டது அதில் அழிந்துவிட்டது. சர்வர் யாரையும் எச்சரிக்கவில்லை. அதைப் பொறுத்தவரை இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, தனித்தனியாகப் போனவர்கள்.

மறுநாள் வேறொருவர் பிரிண்ட் எடுத்து, வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்புக்கு அனுப்பினார். பிரிண்டில் பழைய அளவே இருந்ததால் பேட்டர்ன்காரர் பேட்டர்னைத் தொடவேயில்லை. ஒரு லாட் முழுக்க வார்த்தார்கள். தண்ணீர் டெஸ்டில் வைத்தபோது முதல் கேசிங் வேர்த்த மாதிரி கசிந்தது. அடுத்தது சுவரோரம் விரிசல் விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். சம்மட்டியால் அத்தனையையும் உடைத்து மறுபடி உலைக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சத்தம் ஆபீஸ் வரை கேட்டது.

பவுண்டரி ஃபோர்மேன் பிரிண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு டிசைன் செக்ஷனுக்கு வந்தார்.

"இதுல 'பி' எங்கீங்க அம்மணி இருக்குது? நீங்க மாத்துனதா சொன்னீங்க. மாத்துனது உங்க மனசுலதான் இருக்குதாட்டம்."

அன்புச்செல்வி ஃபைலைத் திறந்து பார்த்தாள். அவள் கை பட்டதற்கு ஒரு அடையாளமும் அதில் இல்லை.

ரூபன் சர்வரில் உட்கார்ந்து தேடினான். பர்ச்சேஸ் பக்கத்து வழி, வந்தவர் போனவரை எழுதி வைக்கும். அங்கப்பன் மிஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த டிராயிங்கைத் திறந்தே வைத்திருந்தது அதில் தெரிந்தது. டிசைன் பக்கத்து வழி அப்படி எதையும் எழுதி வைப்பதில்லை. பேக்கப் டேப் ராத்திரி ஓடுவது. அதிலும் அங்கப்பன் சேவ் செய்ததுதான் இருந்தது. நடந்தது என்னவென்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் சேவ் செய்தாள் என்பதை மட்டும் எங்கேயும் காட்ட முடியவில்லை.

அவளிடம் போய்ச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நான் சேவ் பண்ணுனேன்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்னுங்ணா ஆகுது?"

"மொதலாளிகளுக்கு நான் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றாள். அவள் குரலில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை.

சாயங்காலம் இரண்டு முதலாளிகளும் அதே அறையில் இருந்தார்கள். அன்புச்செல்வியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்லி இரண்டு பேரும் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

இந்த முறை ரூபன் சுற்றி வளைக்கவில்லை. காலையில் அங்கப்பன் திறந்தது, இடையில் இவள் சேவ் செய்தது, சாயங்காலம் அவர் சேவ் செய்தது என்று வரிசையாகச் சொன்னான். "ரெண்டு வழி வெச்சதாலதானுங்க இது. ஆளுக மேல தப்பில்லீங்க. ஒரு வழியை நிறுத்தோணுங்க. இல்லீன்னா திரும்பவும் இதே நடக்கும்."

மருதாசலம் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப, எங்க அங்கப்பன்தான் அழிச்சுப்போட்டார்ங்கறீங்க," என்றார் பங்காரு.

"அப்புடி இல்லீங்க. அவருக்கு அது தெரிய வழியே இல்லீங்க."

"இல்லீங்க, எங்க ஆளு தப்புன்னா தப்புன்னு சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அட, என்னுங்க நீங்க!" என்று மருதாசலம் பதறினார். "அங்கப்பன் எத்தன வருசத்து ஆளு! எங்க செக்சன்லதான் சரியாப் பாக்கோணும். பிரிண்ட் எடுக்கறப்ப 'பி' இருக்குதான்னு நம்ம பசங்க பாத்திருக்கோணுமில்ல? எங்க தப்புதானுங்க."

"எப்புடிங்க உங்க தப்பாவும்? சாம்பா கேட்டது நாங்கதானுங்களே."

"நீங்க கேக்கிலீங்க. நான்தான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

மறுபடி அதே தட்டு, அதே மைசூர்பாகு. ஆனால் இந்த முறை யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. பங்காருவின் காது மடல் சிவந்திருந்தது. மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். இன்னும் இரண்டு வாக்கியம் போனால் யாராவது ஒருத்தர் மற்றவர் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டால் அந்தக் கம்பெனி அதோடு சரி.

"நாந்தானுங்க," என்றாள் அன்புச்செல்வி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"சேவ் பண்ண மறந்துபோட்டேனுங்க. சாப்பாட்டு மணி அடிச்சுது, அப்புடியே மூடிட்டுப் போயிட்டேன். பண்ணுனதா நெனச்சுக்கிட்டேன். ரூபண்ணன் என்னையக் காப்பாத்தோணும்னு என்னமோ சொல்றாருங்க."

ரூபன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

அறைக்குள் காற்று வந்த மாதிரி இருந்தது. பங்காரு நாற்காலியில் சாய்ந்தார். மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மறதி எல்லாத்துக்கும் வர்றதுதான் கண்ணு," என்றார் பங்காரு.

"இனிமே சூதானமா இருந்துக்கோ அம்மணி," என்றார் மருதாசலம். "வேலைக்கு ஒண்ணும் பங்கமில்ல. அந்த பர்மனென்ட் சமாச்சாரம் மட்டும் தை போகட்டும். ஆடிக்குப் பாத்துக்கலாம். என்னுங்க?"

"பாத்துக்கலாமுங்க," என்றார் பங்காரு.

ரூபன் வாயைத் திறந்தான். "சார், அவங்க சொல்றது..."

"விடுங்க ரூபன்," என்றார் மருதாசலம், மிக அன்பாக. "அந்தப் புள்ளயே ஒத்துக்கிச்சு. நீங்க ஏன் இன்னும் கிண்டறீங்க?"

சைக்கிள் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தான்.

"என்ன காரியம் பண்ணுன நீ?"

"ஏன், நல்லாத்தான் பண்ணியிருக்கறேன். வேல இருக்குதில்ல?"

"நான் நெசத்தச் சொல்லிட்டிருந்தேன்."

"நீங்க நெசத்தச் சொல்லிட்டே இருந்தா அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டிருக்கோணும். அவங்க சண்ட போட மாட்டாங்க. ரெண்டு பேரும் எளுந்து போயிருப்பாங்க. நாளைக்குக் காலையில என்ற கணக்கத் தீத்து ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பொறவு அந்தப் பேச்சே இருக்காது." அவள் டிபன் கேரியரைப் பையில் திணித்தாள். "இப்ப ஆடி வரைக்குமாச்சும் இருக்கறேன்."

"நீ மறந்தேன்னு சொல்லிட்டியே, இனி சர்வர்ல எந்தத் தப்பும் இல்லேன்னு ஆயிருச்சே. இனிமே நான் எதைச் சொல்லி மாத்தச் சொல்லுவேன்? அடுத்த தடவ இது நடந்தா?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

"நடக்காமப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ரூபன் யாரிடமும் கேட்காமல் ஒன்று செய்தான். பர்ச்சேஸ் பக்கத்து வழியில் டிராயிங்குகளைப் பார்க்க மட்டும் முடியும், மாற்ற முடியாது என்று வைத்தான். மூலைக் கட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் டிசைனுக்குச் சொன்னால் போதும். மத்தியானத்துக்குள் பங்காருவே அவன் மேஜைக்கு வந்துவிட்டார். முதலாளி இப்படி மேஜைக்கு வருவது வழக்கமில்லை.

"ஏனுங் ரூபன், நம்ம ஆளுகளுக்குப் பாக்க மட்டுந்தான்னு வருதாமே?"

"பாதுகாப்புக்குங்க."

"பாதுகாப்பு செரி. ஆருகிட்ட இருந்துங்க?" சிரித்தார். "கலியாணத்துக்குக் கூப்புட்டுப்போட்டு, பந்தியப் பாக்க மட்டுந்தான், உக்காரக் கூடாதுன்னா எப்புடி இருக்கும்? நாங்க என்ன வெளியாளுகளா? அங்கப்பன் காலையில இருந்து சாப்புடாம உக்காந்திருக்கறாரு. மருதாசலத்துக்கு இது தெரியுமுங்களா? அவரு சொல்லிச் செஞ்சீங்களா?"

"இல்லீங்க. நானாத்தானுங்க."

"அப்பாடா," என்றார் பங்காரு. "அப்ப மாத்திப்போடுங்க."

மாற்றிப் போட்டான்.

அதற்கப்புறம் ரூபன் செய்த வேலைக்குப் பெயர் இல்லை. பர்ச்சேஸில் யார் எந்த டிராயிங்கைத் திறந்திருக்கிறார்கள் என்பதைச் சர்வரில் பார்ப்பான். டிசைனுக்கு நடந்துபோய் அதே டிராயிங் அங்கே யார் திரையிலாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு மேஜையாகப் பார்ப்பான். இருந்தால் "சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு பர்ச்சேஸுக்கு ஓடுவான். "ஏனுங், அத மூடிட்டீங்களா?" என்று பல்லைக் காட்டிக் கேட்பான். மூடும்வரை நிற்பான். திரும்பி வந்து "இப்பப் பண்ணுங்க" என்பான். சர்வர் செய்ய வேண்டியதை அவன் காலால் செய்தான். டிசைன் பையன்கள் அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள். "பூட்டு வருதுடா, கைய எடு" என்பார்கள். அன்புச்செல்வி அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அவன் வரும்வரை சேவ் செய்யாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு அவளை 'மறதி' என்று கூப்பிட்டார்கள். "மறதி, சேவ் பண்ணியாச்சா?" என்று சாப்பாட்டு மணி அடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தன் கேட்பான். முதலில் ஃபோர்மேன் கேட்டார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். அவள் "ஆச்சுங்க" என்பாள்.

தை போனது. மாசி போனது. ஒரு டிராயிங்கும் தொலையவில்லை. தொலையாததால் சர்வர் நன்றாக இருக்கிறது என்பது உறுதியாயிற்று. உமர் பாரூக் அடுத்த கம்பெனிக்கும் அதே மாதிரி இரண்டையும் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். "உங்க எடத்துல பிரமாதமா ஓடுதுன்னு சொன்னேன், உடனே வாங்கிட்டாங்க," என்றார்.

மாரியாத்தாள் இன்னும் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊருக்குப் போயிருந்தபோது ரூபன் ஒரு தடவை பார்த்தான். தேங்காயைக் கத்தியில் குத்திப் பிளந்துவிட்டு, தண்ணீர் வடியும்வரை இடுப்பில் கை வைத்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். "ஆடியில கார்டு வந்துருமாமா சாமி?" என்று கேட்டாள். "வந்துருமுங்க," என்றான்.

பங்குனி முடிகிற சமயத்தில் ரூபனின் அப்பா சின்னான் தோப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. ரூபன் லீவ் சொல்லப் போனான். மருதாசலம் உடனே கொடுத்தார். பங்காருவும் தனியாகக் கூப்பிட்டு, அப்பா எழுந்து நடக்கும்வரை வர வேண்டாம் என்றார். கிளம்புமுன் அன்புச்செல்வியின் மேஜைக்குப் போனான்.

"நான் வர்ற வரைக்கும் பளைய டிராயிங் எதையும் தொடாத. புதுசா மட்டும் போடு."

"அப்பனப் பாருங்ணா மொதல்ல," என்றாள். "நானென்ன, எனக்கு வேணுங்கறதத்தான் எடுத்துப் போடறனா? குடுக்கறதத்தான் போடறேன்."

ஆஸ்பத்திரியில் சின்னானின் காலைத் தூக்கிக் கட்டி, கீழே ஒரு கனத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த வேறு யாருடைய நாயையோ பற்றித்தான் பேசினார். ரூபன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் எந்த டிராயிங் திறந்திருக்கிறதோ, யார் மூடாமல் ஸ்டோர்ஸுக்குப் போனார்களோ என்பதுதான் அவன் மண்டைக்குள் ஓடியது. அப்பன் காலைப் பார்க்கும்போதும் அதுதான் ஓடியது. அதில் அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். கம்பெனி ஆபரேட்டர் பெண் எடுத்தாள்.

"அப்பாவுக்கு எப்புடிங்க இருக்குது?"

"இருக்கறாரு. பர்ச்சேஸ்க்குக் குடுங்க."

அங்கப்பன் எடுத்தார். "ரூபனுங்களா? ஏனுங், அங்கயும் இதே நெனப்பா? இங்க ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. நிம்மதியா அப்பாவப் பாருங்க."

"நேத்து எந்த டிராயிங்காச்சும் தொறந்தீங்களா?"

"தெனமுந்தான் தொறக்கறோம். நெரப்பறோம், மூடறோம். எல்லாம் நல்லாத்தான் இருக்குது." சற்று யோசித்தார். "அந்த கேசிங்குதான், அதேதானுங்க, போன தடவ புடுங்கல் பண்ணுச்சே. அதுல நம்பர் மாறிப்போச்சுன்னு நேத்துக் காலையில எடுத்து வெச்சேன். ஸ்டோர்ஸ்ல ஆடிட்டு. வந்து முடிக்கறதுக்குள்ள பொளுது போயிருச்சு."

ரூபன் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். "சேவ் பண்ணுனீங்களா?"

"பண்ணாம? மறக்கறதுக்கு நானென்ன அந்தப் புள்ளயா?" என்று சிரித்தார் அங்கப்பன்.

"லைன ஆபரேட்டருக்குத் திருப்புங்க."

பூத்தின் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆபரேட்டர் பெண் வந்தாள்.

"டிசைன் செக்சன். அன்புச்செல்விகிட்டக் குடுங்க."

"அவங்க சீட்ல இல்லீங்களே."

"டீக்குப் போயிருக்காங்களா?"

"இல்லீங்க. கேசிங் பிரிண்ட எடுத்துட்டு வரச் சொல்லிப் பவுண்டரிக்குக் கூப்புட்டுவிட்டாங்க. சித்த முன்னாடிதான் போனாங்க."

"ஆரு கூப்புட்டது? ஃபோர்மேனா?"

"மொதலாளிகளுங்க. ரெண்டு பேருமே அங்கதான் நிக்கறாங்க."

மீட்டரில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

"லைன்ல இருக்கீங்களா? வேற ஆருகிட்டயாச்சும் குடுக்கட்டுங்களா?"

வேறு யாரிடம் கொடுக்கச் சொல்வது என்று ரூபனுக்குத் தெரியவில்லை.